ஏழுமதகூர் சங்கத்தின் கான்கிரீட் ஓட்டுப்பெட்டி

ஏழுமதகூருக்குப் போக வேண்டுமென்றால் ரயிலில் போங்கள், இல்லாவிட்டால் நடந்து போங்கள். பஸ் போகாது. ரோடு இல்லாமல் இல்லை. ரோடு போடுகிறவர்கள் எல்லாம் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள், அதனால்தான் பஸ் போகாது. ஒரு தடவை மேலிடத்திலிருந்து, "வேகத்தடை தூரத்திலிருந்தே ஓட்டுநர் கண்ணில் பட வேண்டும்" என்று உத்தரவு வந்தது. நம்ம ஆட்கள் ரோட்டுக்குக் குறுக்கே ஏழடி உயரத்துக்குக் கட்டி, வெள்ளையடித்து, கறுப்புக் கோடும் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த ரோட்டில் ஒரு விபத்துகூடக் கிடையாது. அதற்குப் பாராட்டு விழாவும் நடத்தினார்கள். மைக் செட் நான்தான் போட்டேன். ஸ்பீக்கரைத் தலையில் சுமந்து ஏறிக் குதித்துத்தான் போனேன். தண்டவாளத்தை மட்டும் இவர்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை, அதனால் ரயில் நிற்கிறது.

பாலம், ரோடு, வாய்க்கால், தண்ணீர்த் தொட்டி கட்டுகிற நாற்பத்தொரு பேர் சேர்ந்து அங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஏழுமதகூர் உள்கட்டமைப்பு வல்லுநர் சங்கம். அதற்குப் பதினேழு வருஷமாகத் திரவியம் அண்ணாச்சிதான் தலைவர். ஆசைப்பட்டு உட்கார்ந்திருக்கவில்லை, பாவம். அவரை இறக்குவதற்கு யாருக்கும் தேர்தல் நடத்தத் தெரியவில்லை. போன வருஷம் முயற்சி செய்தார்கள். தேர்தல் அதிகாரி யார் என்று கேள்வி வந்தது. அதற்கு ஒரு தேர்தல் வைக்கலாம் என்றார்கள். அந்தத் தேர்தலை நடத்த யார் அதிகாரி என்று இன்னொரு கேள்வி வந்தது. சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது, கலைந்துவிட்டார்கள்.

இந்த வருஷம் பதிவாளர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐந்து பேர் கொண்ட புதிய நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய குழுவில் ஒருவரிடமாவது ஆபீஸ் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்காமல் பழைய தலைவர் ஊரைவிட்டு நகரக் கூடாது.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் திரவியம் அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. அவர் மகள் புனேயில் இருக்கிறாள். பேரன் பிறந்து ஏழு மாசம் ஆகிறது. இவர் இன்னும் முகம் பார்க்கவில்லை. ரெண்டு தடவை டிக்கெட் எடுத்து, சங்க வேலை என்று ரெண்டு தடவையும் ரத்து செய்தாயிற்று. மூன்றாவது டிக்கெட் அந்த ஞாயிறு சாயங்காலம் ஆறு பத்து வண்டிக்கு.

அவர் சம்சாரம் செண்பகவல்லி சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். "பிள்ளைக்குப் பல்லு முளைச்சிட்டு. ஆறு பத்துக்கு நான் வண்டியில இருப்பேன். நீங்க இருந்தா ரெண்டு பேரு. இல்லன்னா உங்க சங்கத்தையே தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டுக் கிடங்க."

திங்கட்கிழமை கூட்டம் போட்டார்கள். செயலாளர் மாசிலாமணி கடிதத்தை மைக்கில் வாசித்தார். "வாக்குப்பெட்டி எவராலும் திறக்க முடியாதபடி உறுதியாக இருத்தல் வேண்டும்."

கான்கிரீட் வேலையில் முப்பது வருஷ அனுபவம் உள்ள சுயம்புலிங்கம் எழுந்தார். "தகரப் பெட்டின்னா பூட்டை உடைப்பான். மரப்பெட்டின்னா கரையான் திறக்கும். எவராலும் முடியாதுன்னா, கம்பி கட்டி கான்கிரீட்தான் போடணும்."

"மூடி?" என்றார் மாசிலாமணி.

"மூடி இருந்தா திறக்கலாமே, வே! மூடி கிடையாது. ஆறு பக்கமும் அடைப்பு."

"அப்ப சீட்டை எப்படிப் போடுதது?"

கூட்டம் யோசித்தது. சர்வேயர் இருதயராஜ், "மேல ஒரு பிளாஸ்டிக் பைப்பு சொருகிருவோம்" என்றார். என்ன மூளை என்று எல்லோரும் கைதட்டினார்கள். அப்படி ஹால் நடுவில், தரையோடு சேர்த்து, இடுப்பு உயரத்துக்கு ஓட்டுப்பெட்டி எழுந்தது. பெட்டியைச் சாக்கால் மூடி, கான்கிரீட் இறுக நாலு நாள் தண்ணீர் ஊற்றினார்கள். இருதயராஜ் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, பெட்டி கிழக்கே அரை அங்குலம் சாய்ந்திருக்கிறது, கிழக்குத் தெருக்காரர்களுக்கு ஓட்டு அதிகமாகப் போய்விடும் என்று சண்டை பிடித்தார். அப்புறம் மேற்குப் பக்கம் ஒரு செங்கலை வைத்து நியாயம் செய்தார்கள்.

அதே திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாசித்த அடுத்த வரிதான் பெரிய தலைவலி. "வெற்றி பெற்றவர்களைச் சங்கத்தில் இதுவரை உள்ள நடைமுறைப்படியே தீர்மானிக்க வேண்டும்."

"நம்ம நடைமுறை என்ன?" என்று மாசிலாமணி கேட்டார்.

"டெண்டர்தான்," என்றார் சுயம்புலிங்கம். "நேத்து வந்த நடைமுறையா அது? எங்க அப்பா காலத்துல இருந்து டெண்டர்தான்."

"டெண்டர்ல யாருக்கு வேலை?"

"குறைச்சுப் போட்டவனுக்கு."

"அப்ப ஓட்டுல?"

"குறைச்சு வாங்கினவனுக்கு."

திரவியம் அண்ணாச்சி தலையில் கை வைத்தார். "ஏம்ப்பா, ஊர் உலகத்துல அதிக ஓட்டு வாங்கினவந்தானே ஜெயிப்பான்?"

இருதயராஜ் வருத்தத்தோடு அவரைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்களே இப்படிப் பேசலாமா? அதிகமாக் கேட்டவனுக்கு வேலையைக் கொடுத்தா ஊழல்னு சொல்லமாட்டானா?"

ஊழல் என்ற வார்த்தையைக் கேட்டதும் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். தீர்மானம் நிறைவேறியது. அண்ணாச்சியும் விட்டுவிட்டார். யார் ஜெயித்தால் என்ன, சாவியை வாங்க ஒரு கை கிடைத்தால் போதும் என்று அவருக்கு ஆகிவிட்டது.

ஐந்து இடத்துக்கு ஒன்பது பேர் மனு போட்டார்கள். அதற்கப்புறம் நடந்த பிரசாரம் இருக்கிறதே, அதைக் கேட்க நீங்கள் கொடுத்து வைக்கவில்லை. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஓட்டினவன் நான், அதனால் சொல்கிறேன்.

சுயம்புலிங்கம் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டார். "ஐயா, உங்க பொன்னான ஓட்டை எனக்கு மட்டும் போட்டுராதீங்க. கீழ வாய்க்கால் பாலம் ஞாபகம் இருக்கா? திறப்பு விழாவுக்கு வந்த மாலையோட கனம் தாங்காம உக்காந்துச்சே, அது நான் கட்டினதுதான். மறந்துராதீங்க!"

இருதயராஜ் விடுவாரா? எதிரே இருந்த வீட்டு வாசலில் நின்று, "அவராவது பாலத்தைக் கட்டினாரு. நான் ரோட்டை அளந்து கொடுத்து, அது நேரா எங்க வீட்டு அடுக்களைக்குள்ள போயி முடிஞ்சுது. எனக்குப் போடுவீங்களா? மனசாட்சி இருக்கா?" என்று கண்கலங்கினார்.

வியாழக்கிழமை நிலைமை மோசமாகிவிட்டது. யாரோ ஒரு படுபாவி, "சுயம்புலிங்கம் தங்கமானவர், திறமைசாலி, வாக்களிப்பீர்" என்று சுவரெல்லாம் எழுதிவிட்டான். சுயம்புலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருதயராஜ் வீட்டுக்கே போய்விட்டார்.

"வே, வெளிய வாரும்! என்னைத் திறமைசாலின்னு எழுதினது யாரு?"

"நான் இல்ல வே. ஆனா நீரு திறமைசாலிதான்."

"திரும்பச் சொல்லுதியா? என் பிள்ளைக முன்னால சொல்லுதியா?"

"திறமைசாலி! நாணயஸ்தன்! உம்ம மாதிரி உண்டா!"

அடிதடி ஆகியிருக்கும். நான்தான் ஆட்டோவைக் குறுக்கே விட்டு விலக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டுப்பதிவு ஆரம்பமானது. நாற்பத்தொரு பேரும் வெள்ளை வேட்டி கட்டி வரிசையில் வந்தார்கள். ஒரு சீட்டில் ஒரு பெயர் எழுத வேண்டும். பைப்புக்குள் போட வேண்டும். சிலர் போட்ட பிறகு பைப்பில் காதை வைத்து, போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார்கள். திரவியம் அண்ணாச்சி தன் சீட்டைப் போட்டுவிட்டு, சாவிக்கொத்தைக் கையில் வைத்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்தது. "எண்ணலாம்" என்றார் மாசிலாமணி. எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

அப்போதுதான் அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"உடைக்கணும்," என்றார் திரவியம் அண்ணாச்சி. "சம்மட்டியை எடுங்கப்பா."

மாசிலாமணி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "அண்ணாச்சி, விதி பன்னெண்டு. சங்கம் கட்டின எந்தக் கட்டுமானத்தையும் நிர்வாகக் குழுவோட தீர்மானம் இல்லாம இடிக்கக் கூடாது."

"சரி, குழு தீர்மானம் போடட்டும்."

"புதுக்குழு யாருன்னு தெரியணுமே. அது பெட்டிக்குள்ள இருக்கு."

"பழைய குழு?"

"அதுல நீங்க மட்டும்தான் மிச்சம். மத்தவங்க காலமாயிட்டாங்க. நான் சம்பளச் செயலாளர், குழுவுல சேத்தி இல்ல."

"அப்ப நான் ஒருத்தன் போடுதேன் தீர்மானம்!"

"முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய ஒருத்தர் வேணும். நீங்க முன்மொழியலாம் அண்ணாச்சி. வழிமொழியறதுக்கு யாரு?"

இது நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பெட்டியை உடைக்கலாமா என்று ஒரு வாக்கெடுப்பு வைத்தால் என்ன என்று இருதயராஜ் கேட்டார். பேஷ் என்றார்கள். உடனே நாற்பது சீட்டு கிழித்து, உடைக்கலாம், வேண்டாம் என்று எழுதி, மடித்து, வரிசையாக வந்து பைப்புக்குள் போட்டுவிட்டார்கள். திரவியம் அண்ணாச்சி வாய்விட்டு அழுதே விட்டார். மணி ஐந்தரை.

வாசலில் ஒரு வாடகை ஆட்டோ வந்து நின்றது. செண்பகவல்லி இறங்கினாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் மகளுக்காக வாங்கிய கருப்பட்டிக் கொட்டான், பனையோலையில் பின்னியது, ஒரு ஏழெட்டுக் கிலோ இருக்கும்.

"என்ன, வாரியளா இல்லையா?" என்றாள். கை வலித்ததால் கொட்டானைப் பெட்டி மேல் இறக்கி வைத்தாள்.

பொதபொதவென்று ஒரு சத்தம். பைப்பு ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம், பெட்டி மொத்தமும் மணல் குவியலாக உட்கார்ந்துவிட்டது. அதன் உச்சியில் கருப்பட்டிக் கொட்டான் சேதாரமில்லாமல் இருந்தது.

எல்லோரும் சுயம்புலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் அசரவில்லை. "எவராலும் திறக்க முடியாதுன்னுதானே சொன்னேன்? யாராவது திறந்தாங்களா? அதுவா விழுந்துச்சு. அது இயற்கை." மாசிலாமணி அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

மணலைச் சலித்து, உடைக்கலாம், வேண்டாம் சீட்டுகளை ஒதுக்கிவிட்டு, பெயர்ச் சீட்டுகளை எடுத்தார்கள். மாசிலாமணி ஒவ்வொன்றாகப் படித்தார். "திரவியம். திரவியம். திரவியம்." பத்து சீட்டு தாண்டியும் திரவியம்தான். முப்பது தாண்டியும் திரவியம்தான்.

வேறொன்றுமில்லை. ஒன்பது பேரும் எனக்குப் போடாதே, எனக்குப் போடாதே என்று காலைப் பிடித்துக் கெஞ்சியிருந்தார்கள். கேட்டவர் மனம் நோகக் கூடாது என்று யாரும் அவர்களுக்குப் போடவில்லை. எனக்குப் போடாதே என்று கேட்காத ஒரே மனுஷன் அண்ணாச்சிதான். அவரும் அந்த ஒன்பது பேர் மனம் நோகக் கூடாது என்று தன் பெயரையே எழுதியிருந்தார்.

"திரவியம் அண்ணாச்சி, நாற்பத்தொரு ஓட்டு," என்று மாசிலாமணி தழுதழுத்த குரலில் அறிவித்தார். "படுதோல்வி."

ரெண்டு பேர் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள்.

"ஜெயிச்சது யாரு? சீக்கிரம் சொல்லுங்கப்பா!" என்று அண்ணாச்சி சாவியை நீட்டினார். மணி ஐந்து நாற்பத்தைந்து.

"ஒன்பது பேருக்கும் பூஜ்யம். ஆனா இடம் அஞ்சுதான்," என்றார் மாசிலாமணி. ஒருவர் சாவிக்குக் கை நீட்டினால் மற்ற எட்டுப் பேரும் தட்டிவிட்டார்கள். என் பூஜ்யம்தான் சுத்தமான பூஜ்யம் என்று இருதயராஜ் கத்தினார். என் பூஜ்யத்துக்கு நான் எவ்வளவு உழைத்தேன் என்று சுயம்புலிங்கம் கத்தினார்.

செண்பகவல்லி கொட்டானில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "இந்தா, மாசிலாமணித் தம்பி. ஓட்டு வாங்காதவங்கதான் ஜெயிச்சவங்களா?"

"ஆமாக்கா. அதான் நடைமுறை."

"எனக்கு எத்தனை ஓட்டு?"

மாசிலாமணி நாற்பத்தொரு சீட்டையும் மறுபடி புரட்டிப் பார்த்தார். நேர்மையான மனுஷன். "உங்களுக்கு... ஒண்ணுகூட இல்லக்கா."

"அப்ப நானும் குழுதானே?"

ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுக்க வழியில்லை. பிரசாரமே செய்யாமல் பூஜ்யம் வாங்கியிருக்கிறாள், சாதாரணக் காரியமா? ஹால் அதிர ஒரு கைதட்டு. சங்கத்தின் முதல் பெண் நிர்வாகி வாழ்க என்று ஒருவர் கோஷம் போட, நான் மைக்கை உயர்த்திப் பிடித்தேன். செண்பகவல்லி புருஷன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினாள், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள், சாவியை மாசிலாமணி மடியில் எறிந்தாள். "குழு உத்தரவு. நான் வர வரைக்கும் நீரு வச்சிரும்." அவ்வளவுதான், புருஷன் கையைப் பிடித்து ஆட்டோவில் தள்ளி ஏற்றினாள்.

நாற்பது பேரும் ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். ஆறு பத்து வண்டி வந்து நின்றது. அண்ணாச்சி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பதினேழு வருஷத்துக்கப்புறம் கையில் சாவி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். நாளை மறுநாள் பேரனைப் பார்க்கப் போகிறார். சந்தோஷம் தாங்காமல் அவருக்குக் கண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது, துடைக்கத் துடைக்க வந்தது.

அதைப் பார்த்ததும் பிளாட்பாரத்தில் நின்ற நாற்பது பேருக்கும் நெஞ்சு உருகிவிட்டது. வண்டி நகர்ந்தது. சுயம்புலிங்கம் ஜன்னல் கம்பி வழியாக அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்.

"மனசு விட்டுராதீங்க அண்ணாச்சி!" என்று மூச்சிரைக்கக் கத்தினார். "அடுத்த தேர்தல்ல ஒரு பய உங்களுக்கு ஓட்டுப் போடமாட்டான். நாங்க பாத்துக்கிடுதோம்!"