வாயில் கவ்விய புல்

மழை விட்டும் சேறு காயாத ஒரு காட்டில், மூன்று வாசல் வைத்த வளையில் ஒரு முயல் குடும்பம் இருந்தது, குழந்தைகளே. அப்பா முயலின் பெயர் நீள்செவியன். தன்னைவிடக் கெட்டிக்காரன் உலகத்திலேயே கிடையாது என்ற நினைப்பு அவனுக்கு. அம்மா செவ்வந்தி, செத்தாலும் தோல்வியை ஒப்புக்கொள்ள மாட்டாள். அவர்களுக்குப் பொட்டு என்று ஒரே மகள். பக்கத்து வளை முள்ளம்பன்றி கூரனும் தினமும் அங்கே வந்துவிடுவான்.

நாலு பேருக்கும் புதிர் என்றால் உயிர். சாப்பாடுகூட அப்புறம்தான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. விடை தெரிந்தவர் ஒரு புல்லை வாயில் கவ்விக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கடைசி ஆள் விடை சொல்லும்வரை, இல்லை "தோற்றேன்" என்று சொல்லும்வரை, புல்லை எடுக்கவே கூடாது. எடுத்தால் ஆட்டத்தைக் கெடுத்த பாவி என்று பெயர். கூரன் மட்டும் புதிர் முடிந்ததுமே, "தோற்றேன் சாமி, ஆளை விடுங்கள்!" என்று சொல்லிவிடுவான்.

இதையெல்லாம் ஒரு நரி புதருக்குப் பின்னாலிருந்து நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. போன வாரம்தான் அதுவும் அதன் தம்பியும் ஈர மண்ணைத் தோண்டி, அடுத்த மேட்டு முயல்களைத் தின்று தீர்த்திருந்தன. ஒன்று தோண்டும், மற்றது வாசலில் காத்திருக்கும். இங்கேயோ மூன்று வாசல். அதுவும் அன்றைக்குத் தம்பி ஓடைக்கு அக்கரையில் எங்கோ திரிந்துகொண்டிருந்தது.

நரி ஒரு ஊளையிட்டுத் தம்பியைக் கூப்பிட்டது. பிறகு கிழக்கு வாசலில் வந்து உட்கார்ந்தது.

"வணக்கம். நான் நரி. ஒளிப்பானேன்? பசியோடுதான் வந்தேன். உங்கள் ஆட்டத்தைக் கேட்டதும் பசியே மறந்துபோயிற்று. என்னிடமும் ஒரு புதிர் இருக்கிறது, சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றான் கூரன்.

"சொல், சொல்" என்றான் நீள்செவியன்.

"ஒரு வளைக்கு மூன்று வாசல். அதில் ஒன்றுதான் பத்திரம். வாசலுக்கு ஒரு மைனா. கிழக்கு மைனா, 'என் வாசல் பத்திரம்' என்றது. தெற்கு மைனா, 'கிழக்கு வாசல் பத்திரமில்லை' என்றது. மேற்கு மைனா, 'என் வாசல் பத்திரமில்லை' என்றது. மூன்றில் ஒரு மைனாதான் உண்மை பேசியது. எந்த வாசல் பத்திரம்?"

"தோற்றேன்! நரியை வாசலில் வைத்துக்கொண்டு என்ன புதிர், அண்ணி? எழுந்திருங்கள், போய்விடலாம்" என்றான் கூரன்.

"பாதி ஆட்டத்தில் எழுந்திருக்கிற பழக்கம் இந்த வீட்டில் இல்லை, கூரா" என்றாள் செவ்வந்தி.

நீள்செவியனுக்கு விடை உடனே தெரிந்துவிட்டது. கிழக்கு சொன்னதைத் தெற்கு மறுக்கிறது. ஆகவே அந்த இரண்டில் ஒன்று உண்மை. அப்படியானால் மேற்கு மைனா சொன்னது பொய். மேற்கு வாசல்தான் பத்திரம்!

அவனுக்கு இன்னொன்றும் தெரிந்தது. ஒரே ஒரு நரியின் வாடைதான் வந்தது. அப்படியென்றால் நிஜமாகவே மேற்கு வாசல் இப்போது காலி. சற்று முன் கேட்ட ஊளை தம்பி நரியைக் கூப்பிடத்தான் என்பதும் அவனுக்குப் புரிந்தது. அது வருவதற்குள் ஓடினால் நாலு பேரும் பிழைக்கலாம்.

சொல்ல வாயெடுத்தான். செவ்வந்தி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். இவள் ஒரு நாளாவது தோற்றேன் என்று சொல்லட்டுமே என்று புல்லைக் கவ்விக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் செவ்வந்திக்கும் எல்லாம் விளங்கியது. அவளும் கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல்லைக் கவ்விக்கொண்டாள். பொட்டு மட்டும் பாக்கி.

பொட்டு நகத்தால் மண்ணில் கோடு போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள்.

"அம்மா, ஒரே ஒரு துப்பு கொடேன்!"

அம்மா மாட்டேன் என்று தலையாட்டினாள்.

வெளியே சேற்றில் சளக் சளக் என்று காலடிச் சத்தம். அவ்வளவு நீளக் காதுகளுக்கும் அது கேட்கவில்லை. மகள் போடுகிற கோட்டிலேயே இருந்தது அப்பாவின் கவனம்.

"தெரிந்துவிட்டது! மேற்கு!" என்று துள்ளினாள் பொட்டு.

"சபாஷ்! ஓடுங்கள், மேற்கு வாசல் காலிதான்!" என்று புல்லைத் துப்பிவிட்டுக் கத்தினான் நீள்செவியன்.

ஜெயித்த சந்தோஷத்தில் பொட்டுதான் முதலில் ஓடினாள். மேற்கு வாசலில் தம்பி நரி வாயைத் திறந்துகொண்டு நின்றது.

ஐயோ பாவம், அவள் "அம்மா" என்று முழுதாகக்கூடச் சொல்லவில்லை.

நரிகள் இரண்டும் பங்குக்கு அடித்துக்கொண்டபோது, மற்ற மூவரும் தெற்கு வாசல் வழியாகத் தப்பி ஒரு பாறை இடுக்கில் ஒளிந்தார்கள். செவ்வந்தியின் வாயில் அந்தப் புல் அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட்டு அவள் கேட்டாள்:

"உங்களுக்கு எப்போது தெரியும்?"

"முதலிலேயே" என்றான் நீள்செவியன். "உனக்கு?"

"எனக்கும் தெரியும்."

கூரன் அழுதுகொண்டே சொன்னான்: "எனக்குத்தான் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனே!"

நீதி: ஆபத்து வேளையில், தெரிந்ததைச் சொல்லாத கெட்டிக்காரனைவிட ஒன்றும் தெரியாதவனே மேல்.