ஐந்துக்கு நாலு

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் மார்க்கெட்டிங் பேராசிரியராக இருந்தவர் ஞானப்பிரகாசம். கடைக்கு வருகிறவர் ஒன்றை எடுத்து இன்னொன்றை ஏன் விடுகிறார் என்பதுதான் வேலையில் சேர்ந்த நாள் முதல் அவருடைய ஆராய்ச்சி. அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த கடைசி மாணவி செண்பகவல்லி.

ஒரு சனிக்கிழமை காலை அவள் ஆய்வேட்டுடன் அவர் வீட்டுக்கு வந்தாள். திங்களன்று பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் ஒரு கல்லூரியில் வேலை உறுதி. அவருடைய கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பேராசிரியர் கடைசி அத்தியாயத்தின் தலைப்பைப் படித்தார்: 'பொய் சொல்லும் வாடிக்கையாளர்.'

"யாரும்மா பொய் சொன்னது?"

"எல்லாரும்தான் சார். வீடு வீடாப் போய்க் கம்பு பிஸ்கட் கொடுத்தேன். அருமை, கடைக்கு வந்தா வாங்குவோம்னாங்க. ஐந்துக்கு நாலு மார்க்குக்குக் கீழே யாருமே போடலை. இப்போ அந்தத் தெருக் கடையில பாக்கெட் எல்லாம் தூசி படிஞ்சு கிடக்கு. வாய் கூசாமப் பொய் சொல்லியிருக்காங்க சார்."

"வெயில்ல வந்திருக்கே. இரு, காபி போடறேன்."

ஆளுக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்தார். செண்பகவல்லி ஒரு வாய் குடித்தாள். முகம் மாறாமல் விழுங்கினாள்.

"காபி எப்படி?"

"நல்லா இருக்கு சார்."

"ஐந்துக்கு எவ்வளவு?"

"நாலு கொடுக்கலாம் சார்."

"குடியேன்."

"ஆறட்டும் சார்." டம்ளரை ஆய்வேட்டுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாள்.

பேராசிரியர் தன் டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்தார்.

"உப்பு."

"உங்களுக்கும் தெரியுதா சார்?"

"போட்டதே நான்தானே."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அந்தத் தெருவில உன்னை வீட்டுக்குள்ளே கூப்பிட்டாங்களா?"

"கூப்பிடாம இருப்பாங்களா? ஃபேனைப் போட்டு, மோர் கொடுத்த பிறகுதான் என்னைப் பேசவே விட்டாங்க."

"மோர் எப்படி?"

"சில வீட்டில ஒரே புளிப்பு சார்."

"சொன்னியா?"

"எப்படி சார் சொல்றது? ஆசையாக் கொடுக்கிறவங்ககிட்டே போய்..."

பாதியில் நிறுத்தினாள். தலைப்பு இருந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"திங்கட்கிழமை சார்..."

"தெரியும்மா."

"அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

"போகலாம்."

அவள் ஆய்வேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பின்னால் இருந்த டம்ளர் இப்போது இருவருக்கும் நடுவில் நின்றது.

"அவங்ககிட்டே நான் என்னதான் சார் கேட்டிருக்கணும்?"

அவர் இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இரு, வேற காபி போட்டுக் கொண்டு வர்றேன். இந்தத் தடவை எப்படி இருக்குன்னு கேட்க மாட்டேன்."

"கேட்காம எப்படி சார் தெரியும்?"

"டம்ளரைப் பார்ப்பேன்."