இரண்டு மகள்களுக்கு ஒரே பலகை

ஒரு கணினி விளையாட்டின் நிரலுக்குள் எதிரி என்றொரு தாய் இருந்தாள். ஆட்டக்காரரை மறிக்க வரும் உருவங்கள் எல்லாம் அவள் வழி வந்தவை. அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு பலகை தொங்கியது. அதில் எழுதியிருக்கும் எண்தான் வேகம்.

முதல் கட்டத்தில் மூத்த மகள் நத்தை மட்டும் இருந்தாள். பலகையில் இரண்டு என்று எழுதினாள். அவள் பெற்ற நூறு நத்தைகளும் அதைப் பார்த்தே கோட்டை மதில்மேல் ஊர்ந்தன. விளிம்பு வந்ததும் திரும்பின. ஒரு குறையும் இல்லை. அது தன் பலகை என்றே அவள் நினைத்திருந்தாள்.

இரண்டாம் கட்டத்தில் இளையவள் பருந்து பிறந்தாள். வந்த வேகத்தில் இரண்டை அழித்துவிட்டுத் தொண்ணூறு என்று எழுதினாள்.

அடுத்த நொடி மதில்மேல் நத்தைகள் சீறிப் பாய்ந்தன. விளிம்பில் நிற்க முடியாமல் பன்னிரண்டு நத்தைகள் அகழியில் விழுந்து அழிந்தன.

நத்தை தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே பாய்ச்சலில் கூடத்துக்கு வந்தாள்.

“என் பலகையில யாருடி கை வச்சது?”

“உன் பலகையா? அம்மா பலகை. ஓசியில வேகம் கிடைச்சிருக்கு, ஓடேன் அக்கா,” என்றாள் பருந்து.

“ஓடித்தான் என் பன்னிரண்டு பிள்ளைங்க போயிட்டாங்க.”

நத்தை தொண்ணூறை அழித்து இரண்டை எழுதினாள். வானத்தில் இளையவள் பெற்ற பருந்துக் கூட்டம் வேகம் இழந்து அப்படியே தயங்கியது. ஆட்டக்காரரின் அம்பு அவற்றை ஒவ்வொன்றாகப் பறித்துப் போட்டது. பருந்து அலறிக்கொண்டு பலகையைப் பிடித்து இழுத்தாள்.

தாய் குறுக்கே வந்தாள். “எனக்கு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான். அதனாலதான் பொதுவா ஒண்ணு வச்சேன். நான் பேதம் பார்க்கிறவ இல்ல.”

“பேருக்குத்தான் பொது. கடைசியா யார் எழுதுறாளோ அவளுக்குத்தானே அம்மா அது?” என்றாள் நத்தை.

“அதுக்காகப் பிறக்கிற ஒவ்வொண்ணுக்கும் பலகை மாட்டினா நினைவகம் தாங்குமா?”

“ஒவ்வொண்ணுக்கும் யார் கேட்டா? எனக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு.”

“மிச்சமிருக்கிற உன் எண்பத்தெட்டுப் பிள்ளைங்களுக்கும் ஒரே பலகை போதுமா? அப்போ அது மட்டும் நியாயமா?”

நத்தை தாயை நேராகப் பார்த்தாள்.

“போதும். நான் பெத்ததெல்லாம் நத்தைன்னு எனக்குத் தெரியும். நீ பெத்தது என்னென்னன்னு உனக்குத் தெரியுமா அம்மா?”