எர்த் ஒயர் போன வழி

"எவனோ ஒருத்தன் இந்தக் கிட்டாரைக் கெடுத்து வச்சிருக்கான், டீச்சர். கையில கெடச்சான்னா தொலைஞ்சான்."

சவரிமுத்து சூடான சால்டரிங் கம்பியை ஓரமாக வைத்தார். பழைய இரும்புக் கடை வைத்து, ஊரோடு பேரம் பேசி, சண்டை போட்டு ஆளானவர். மனைவி அமலி போன பிறகு கடையைக் கைமாற்றிவிட்டு, மகள் வயதுள்ள பிரிஜித்தாவிடம் கிட்டார் ரிப்பேர் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருந்தார்.

உச்சிவெயில். மாதா கோயில் ஹாலில் அவர்கள் இருவரைத் தவிர ஆளில்லை. மேடையில் கிடந்த கிட்டார் தானாக முனகிக்கொண்டிருந்தது. யாராவது கிட்டே போனால் முனகல் உறுமலாகும். தந்தியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று கடிக்கும். சாயங்காலம் திருவிழாவில் பாட்டுக் குழுப் பெண் ரீனா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பாட வேண்டும். நேற்று ஒத்திகையில் உதடு மைக்கில் பட்டதும் அலறிப் பின்னால் விழுந்த பிள்ளை.

"உள்ள என்ன பாத்தீங்க, அண்ணாச்சி?"

"எல்லாம் பாத்தாச்சு. தந்திக்கு அடியில வர்ற எர்த் ஒயர் சரியா இருக்கு. புதுசா ஈயமும் வச்சாச்சு."

"அந்த ஒயர் எங்க போவுது?"

"கேபிள் வழியா ஆம்ப்ளிஃபயருக்கு."

"அப்புறம்?"

"சுவத்துப் பிளக்குக்கு. அதுக்கு மேல நமக்கென்ன? சுவத்தையுமா பிரிக்கிறது?"

"ஒயர் நின்னாத்தான நாம நிக்கணும்."

பிளக்குக்குப் பின்னால் ஒரு பச்சை ஒயர் ஜன்னல் வழியே வெளியே இறங்கியது. மதிலேறிக் கல்லறைத் தோட்டத்துக்குள் போனது. சவரிமுத்து முன்னால் நடந்தார். போகப் போக அவர் நடை தளர்ந்தது. அந்த வழி அவருக்குப் பழக்கம்.

புல்லுக்குள் ஊர்ந்த ஒயர் ஓர் இரும்புச் சிலுவையின் பின்பக்கம் இறுகச் சுற்றிக் கிடந்தது. அவரே இரும்பு பொறுக்கி, அடித்து, மண்ணைத் தொடாமல் சிமெண்ட் மேடையில் நட்ட சிலுவை. அமலியின் சிலுவை.

"டீச்சர்... இதத் தொட்டா அவ என் கையப் பிடிப்பா."

"எப்ப?"

"சாயங்காலத்துல. உள்ள பாட்டு ஒத்திகை நடக்கையில. அவளும் பாடுனவதான? விரல் நடுங்கும். யார்ட்டயும் நான் சொன்னதில்ல."

பிரிஜித்தா கரண்டு பார்க்கும் டெஸ்டரை எடுத்தாள். அதைச் சிலுவையில் வைத்தாள். அந்த வெயிலிலும் உள்ளே சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது. ஹாலிலிருந்து முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் உள்ளே போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். முனகல் நின்றது. திரும்பி வந்தாள். டெஸ்டரை மறுபடி வைத்தாள். எரியவில்லை.

"இப்பத் தொடுங்க."

தொட்டார். இரும்பு வெயிலில் சுட்டது. அவ்வளவுதான்.

கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றார். பிறகு கத்தினார்.

"எந்தப் படுபாவி இத இங்க கட்டுனான்? மண்ணுல இறக்க வேண்டியத என் பொண்டாட்டி தலைமாட்டுலயா கட்டுவான்?"

அவள் மதிலோரம் சாய்ந்திருந்த கடப்பாரையை எடுத்து வந்து அவர் பக்கத்தில் போட்டாள்.

அவர் அதைப் பார்த்தார். குரல் இறங்கியது. பழைய கடைக்காரர் பேரத்துக்கு வந்தார்.

"மைக்குல பஞ்சு சுத்திருவோம், டீச்சர். பிள்ளைக்கு ரப்பர் செருப்பு வாங்கித் தாரேன். இன்னைக்கு ஒரு சாயங்காலம் இப்படியே கெடக்கட்டும். ஒரே ஒரு தடவ தொட்டுக்கிடுறேன்."

"பாடுறப்ப எச்சில் பட்டுப் பஞ்சு நனையும், அண்ணாச்சி."

"அப்ப கட்டுனவன் வந்து அவுக்கட்டும். நான் எதுக்கு?"

"காலையில வரைக்கும் அது கட்டுனவன் ஒயர். தெரிஞ்சுபோச்சு, இப்ப உங்க ஒயர். ஆம்ப்ளிஃபயர்ல கரண்டு கசியிறத நான் பாக்குறேன். நீங்க இத அவுத்துட்டு, மதிலோரமா ஆழமா ஒரு குழி தோண்டுங்க. எர்த் பிடிக்க உப்பும் கரியும் எடுத்துட்டு வாரேன். ரீனா வாரதுக்குள்ள முடிச்சிருங்க."