கரடியின் தேன்கடையில் பேச்சு நின்ற கதை

ஓடைக்கரையில் கரியன் என்ற கரடி தேன்கடை நடத்தி வந்தது. அணில் செவந்தி, முள்ளம்பன்றி குத்தாலன், சருகுமான் மின்னி ஆகிய மூவரும் அங்கே வேலை பார்த்தார்கள். தேனடையைப் பிழிந்து, தேக்கிலைத் தொன்னையில் தேனை ஊற்றிக் கொடுப்பார்கள். நாள் முழுக்க மூவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

தொன்னைகள் ஒழுகின. வாங்கிப் போகிறவர் வீடு சேர்வதற்குள் பாதித் தேன் வழியிலேயே சிந்திவிடும்.

ஒருநாள் செவந்தி தேன்மெழுகை உருக்கித் தொன்னைக்குள் பூசிப் பார்த்தது. கை தவறி மெழுகு தேன்பானைக்குள் கொட்டிவிட்டது. பானைத் தேன் முழுதும் பாழ்.

கரியன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, செவந்தியைப் பார்த்துச் சீறியது.

"பிழிவது உன் வேலை. யோசிப்பது என் வேலை. தெரிந்ததா?"

செவந்தி தலையைக் குனிந்துகொண்டது. மறுவாரம் அது சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டது.

அதற்குப் பிறகு கடையில் பேச்சே இல்லை. வேலை மட்டும் நடந்தது. முதலில் கரியனுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. நாளாக ஆக, பிழிகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லாத அந்தக் கடையில் உட்காரவே அதற்குப் பிடிக்கவில்லை.

இதற்கிடையே அக்கரையில் ஒரு நீர்நாய் புதிதாகத் தேன்கடை திறந்தது. அங்கே கொடுத்த தொன்னைகள் ஒழுகவில்லை. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அக்கரைக்குப் போனார்கள்.

"நாம் என்ன செய்யலாம்? சொல்லுங்கள்" என்றது கரியன்.

குத்தாலன் மின்னியைப் பார்த்தது. மின்னி தரையைப் பார்த்தது.

"நீங்க சொன்னா செய்யறோம், முதலாளி" என்றது குத்தாலன்.

கரியன் ஓடையைக் கடந்து போய்ப் பார்த்தது. நீர்நாயின் கடை ஒரே கலகலப்பாக இருந்தது. நடுவில் செவந்தி மெழுகு பூசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வீணான தொன்னைகள் குவிந்து கிடந்தன.

"இவ்வளவும் வீணா?" என்று செவந்தியிடம் கேட்டது கரியன்.

"ஆமாங்க. இத்தனை தடவை தப்பா வந்த பிறகுதான் சரியா வந்தது."

"திரும்பி வந்துவிடு, செவந்தி. இரண்டு பங்கு தேன் தருகிறேன்."

"உங்க கடையிலேயும் எனக்குத் தேன் குறையவே இல்லையே, முதலாளி" என்றது செவந்தி. அதன் குரலில் கோபம் இல்லை. அதுதான் கரியனுக்கு அதிகமாக வலித்தது.

கரியன் தனியாகத் திரும்பியது. அன்று முதல் தினமும் காலையில், "புதிதாக ஏதாவது தோன்றியதா?" என்று கேட்டது. இருவரும் குனிந்து தேனடையைப் பிழிந்துகொண்டே இருந்தார்கள். இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு மதியம் கடைக்குள் பானை உடைகிற சத்தம் கேட்டது. கரியன் ஓடிப் போய்ப் பார்த்தது. தரையெல்லாம் தேன். உடைந்த பானைக்குப் பக்கத்தில் குத்தாலன் நின்றது. கோபத்தை அடக்கிக்கொண்டு கரியன் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது.

"என்ன செய்து பார்த்தாய், குத்தாலா?"

"அடையை என் முள்ளால குத்தித் தொங்கவிட்டா, பிழியாமலே தேன் வடியுமான்னு..."

"வடிந்ததா?"

"கொஞ்சம் வடிஞ்சுதுங்க. அதுக்குள்ள கயிறு அறுந்து அடை பானை மேல விழுந்துபோச்சு."

"சரி, வேறு கயிறு கொண்டு வருகிறேன். மறுபடியும் செய்து பார்."

மூலையிலிருந்து மின்னி மெல்லச் சொன்னது: "கயிறு வேண்டாங்க. கொடி நல்லாத் தாங்கும்."

கொடி எடுக்க மூவரும் சேர்ந்தே போனார்கள். போகும்போது கரியன் ஒருமுறை அக்கரையைத் திரும்பிப் பார்த்தது. செவந்தி யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை இந்தக் கரையில் கேட்க இனி எத்தனை நாள் ஏங்கினாலும் முடியாது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

தவறு செய்தவரைத் திட்டி வாயடைக்கிற இடத்தில் புதிய யோசனை தங்காது. பயமில்லாமல் பேச முடிகிற இடத்துக்கே அது போய்ச் சேரும்.