இன்னாசியின் கப்பல் மைக்

“டீச்சர், யாருமே பேசாத நேரம்தான் எனக்குப் பயமா இருக்கு” என்றார் இன்னாசி கோமஸ்.

ஜொகரா டீச்சர் அவருடைய ரேடியோ செட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

இன்னாசி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பொழுது போகாமல் பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே கம்பியில்லாமல் தூரத்து ஆட்களோடு பேசுகிற ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கினார். சொல்லிக்கொடுத்தவர் ஜொகரா. இன்னாசிக்கு மகள் வயசுதான். இருந்தாலும் குரு குருதானே.

தினமும் காலையில் கரையோரத்து ஹாம்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் உடனே தொடங்கக் கூடாது. ஒரு மூச்சு விடுகிற நேரம் பொறுக்க வேண்டும். எங்காவது ஆபத்தில் இருக்கிறவன் அந்த இடைவெளியில் உள்ளே வரலாம் என்பதற்காக.

எல்லாரும் பொறுப்பார்கள். இன்னாசி மட்டும், முன்னவர் வாயை மூடுமுன்னே மைக்கின் பேசும் பொத்தானை அமுக்கிவிடுவார்.

“அந்த ஒரு மூச்சுக்குள்ள எல்லாரும் என்னை விட்டுட்டுப் போயிட்ட மாதிரி இருக்கு, டீச்சர்.”

“ம்.”

“ஒரு வழி சொல்லுங்களேன்.”

டீச்சர் செட்டின் முகப்பைத் தொட்டுக் காட்டினார். பேசும்போது எரிகிற சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

“இது என்ன அண்ணாச்சி?”

“அது எரிஞ்சா ஊரே என்னை முறைச்சுப் பாக்குத மாதிரி இருக்கு. நாக்கு ஒட்டிக்கிடுது. அதான் மூடிட்டேன்.”

“அப்ப, பேசாட்டியும் பயம், பேசினாலும் பயம்.”

“ஆமா டீச்சர்.”

டீச்சர் துணியை உதறி மடித்தார். “டீ போடச் சொல்லுங்க” என்றார்.

அவ்வளவுதான் உபதேசம்.

மனைவி லூர்தம்மா டீ கொண்டு வந்தபோது, இன்னாசி அலமாரியிலிருந்து ஒரு மைக்கை எடுத்து மேசையில் வைத்தார். உடைத்த கப்பலிலிருந்து பழைய இரும்புக் கடைக்கு வந்தது. கனத்த அடிப்பாகம், பளபளக்கும் தலை, தண்டில் அமுக்கிப் பேச ஒரு நீளமான பிடி.

“என் குரல் கீச்சுக் குரல், டீச்சர். இதுல பேசினா வெண்கல மணி மாதிரி இருக்கும்னு சொல்லுதாங்க.”

டீச்சர் அதைக் கவிழ்த்து ஒயர்களைப் பார்த்தார்.

“இது அந்தக் காலத்துச் செட்டுக்குச் செஞ்சது. இப்ப உள்ள செட்டுக்கு ஒயர் வரிசையே வேற. ஞாயித்துக்கிழமை வந்து நானே மாத்தித் தாரேன். அதுவரைக்கும் சொருகாதீங்க.”

“சரி டீச்சர்.”

சரி என்றவர் அன்று சாயங்காலமே தன் இஷ்டத்துக்கு அந்த ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து முடித்துவிட்டார். செட்டில் சொருக மட்டும் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை லூர்தம்மா ஊர்ப் பெண்களோடு தீவுக் கோயில் திருவிழாவுக்குப் படகேறினாள்.

“நீங்களும் வாங்களேன்” என்றாள்.

“முதுகு வலிக்கு, லூர்து. நீ போயிட்டு வா.”

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவருக்கு முதுகு வலித்தது. அவளும் ஒவ்வொரு தடவையும் தைலம் தேய்த்துவிட்டுத்தான் போவாள்.

சனிக்கிழமை புயல் திசை மாறி வந்தது.

நண்பகலிலேயே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. பிறகு கரண்டும் போனது. செல்போன் செத்துவிட்டது. பேட்டரியில் ஓடிய ரேடியோ செட் ஒன்றுதான் மிச்சம். இன்னாசி அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

இரைச்சலுக்கு நடுவில் பெலிக்ஸின் குரல் வந்தது. கூட்டத்தோடு தீவுக்குப் போன ஹாம்காரன் அவன் ஒருவன்தான்.

“கோயிலுக்குள்ள தண்ணி ஏறுது. இங்க இருக்க முடியாது. பொம்பளையள கூட்டிக்கிட்டு வேற பக்கம் போறோம். எங்கன்னு சேந்ததும் சொல்லுதேன். பேட்டரி கொஞ்சந்தான் இருக்கு.”

ஜொகரா டீச்சரின் குரல் தெளிவாகக் கேட்டது.

“கரையில படகு தயாரா நிக்குது, பெலிக்ஸ். எந்தப் பக்கம் வரணும்னு நீங்க சொன்னதும் கிளம்பும். மத்தவங்க யாரும் பேசக் கூடாது. தீவுக்கு வழி விடுங்க.”

எல்லாரும் வழி விட்டார்கள். இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னாசி ஒரு மூச்சு பொறுத்தார். இரண்டாவது மூச்சுக்கு அவரால் முடியவில்லை.

“பெலிக்ஸ்! லூர்து இருக்காளா? பெலிக்ஸ்!”

பதில் இல்லை.

நம்ம கீச்சுக் குரல் எட்டவில்லை என்று நினைத்தார். செட்டோடு வந்த கைமைக்கைக் கழற்றி எறிந்தார். கப்பல் மைக்கை எடுத்துச் சொருகினார்.

இரைச்சல் நின்றது.

ஒரு சத்தம் இல்லை. கடல் வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

“பெலிக்ஸ்?”

பிடியை அமுக்கிப் பேசினார். விட்டுப் பார்த்தார். மறுபடி அமுக்கினார்.

“டீச்சர்? யாராவது இருக்கீங்களா? டீச்சர்!”

பயந்து போனவனுக்குச் சாவுதான் முதலில் ஞாபகம் வரும். ஒயர் ஞாபகம் வராது. தீவு போயிற்று, கரையும் போயிற்று, உலகத்தில் நான் ஒருத்தன்தான் மிச்சம் என்றே அவர் நம்பிவிட்டார். பிடியை விட்டுவிட்டு மேசையில் தலையைச் சாய்த்தார்.

“லூர்து” என்றார், ஆளில்லாத அறையைப் பார்த்து.

ஜன்னல் படபடவென்று அடித்தது.

“எனக்கு முதுகு வலியே கிடையாது, லூர்து. கடல்னா பயம். சின்னப் புள்ளையில என்னைப் பெத்த ஐயாவைக் கடல் கொண்டுபோனதை நான் கரையில நின்னு பாத்தேன். அன்னையிலேருந்து படகுல கால் வைக்கல. கடக்கரையில பொறந்தவன் இதை யார்கிட்டச் சொல்லுவேன்? கிரேன்ல ஏறி உக்காந்துக்கிட்டேன். உன்கிட்டக்கூடப் பொய் சொன்னேன். தைலம் தேய்ச்சுவிட்டியே. இப்ப நீ தண்ணிக்குள்ள, நான் வீட்டுக்குள்ள.”

வாய்விட்டு அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் அழுதார். நடுவில் மாதாவைக் கூப்பிட்டார், ஐயாவைக் கூப்பிட்டார், தன்னைத் தானே திட்டிக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது.

கதவு இடிபட்டது.

ஜொகரா டீச்சர் நின்றார். தலைத்துணியிலிருந்து தண்ணீர் ஊற்றியது. இரண்டு தெரு ஓடி வந்த மூச்சிரைப்பு அடங்கவில்லை.

“டீச்சர், யாரும் இல்ல டீச்சர். எல்லாரும் போயிட்டாங்க.”

டீச்சர் உதட்டின் மேல் விரலை வைத்தார்.

“என் லூர்து…”

டீச்சர் விரலை எடுக்கவில்லை. மற்றக் கையால் செட்டின் முகப்பில் இருந்த கறுப்பு டேப்பைக் கிழித்தார்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இன்னாசி மைக்கைப் பார்த்தார். அதன் பிடியை யாரும் அமுக்கவில்லை. தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் மடியில் கிடந்தன.

தப்பாகப் பற்றவைத்த ஒயரால், பிடியை விட்ட பிறகும் செட் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும் செட்டுக்குக் காது கேட்காது. கேட்கிறவர்களுக்கோ அவருடைய அழுகையைத் தவிர வேறெதுவும் கேட்டிருக்காது.

“எப்ப இருந்து, டீச்சர்?”

டீச்சர் கப்பல் மைக்கின் ஒயரைப் பிடித்து இழுத்தார்.

இரைச்சல் அறைக்குள் கொட்டியது. உயிருள்ள இரைச்சல். அதற்குள் யாரும் பேசவில்லை.

இன்னாசி கைமைக்கை எடுக்கப் பாய்ந்தார். டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் பேட்டரி தீந்திருந்தா, டீச்சர்? என்னால தீந்திருந்தா?”

டீச்சரின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

“பொறுங்க, அண்ணாச்சி.”

ஒரு மூச்சு.

இன்னாசி கண்ணை மூடிக்கொண்டார்.

இன்னொரு மூச்சு. அந்த இடைவெளியில் அவர் ஐயாவின் படகு மறுபடியும் கவிழ்ந்தது. அவர் அமுக்கவில்லை.

இன்னொன்று.

“…வடக்கு மேடு” என்றது இரைச்சல். “வடக்கு மேட்டுல இருக்கோம். எல்லாரும் இருக்கோம். கேக்குதா? வடக்கு மேடு.”

டீச்சர் கைமைக்கைச் சொருகினார். “வடக்கு மேடு. கேட்டுச்சு. படகு கிளம்பட்டும்” என்றார். கரையிலிருந்து யாரோ “கிளம்பியாச்சு” என்றார்கள்.

இன்னாசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பெலிக்ஸ் மறுபடி வந்தான். குரல் தேய்ந்திருந்தது.

“அண்ணாச்சி பேசினதெல்லாம் இங்க கேட்டுச்சு, டீச்சர். நாங்க இத்தனை பேரும் வாயைத் தொறக்காம உக்காந்திருந்தோம். இன்னும் ஒரு வார்த்தைக்குத்தான் பேட்டரி தாங்கும். லூர்தம்மா அக்கா மைக்கைக் கேக்காவ, தாரேன்.”

காற்று ஊதுகிற சத்தம். யாரோ மைக்கைத் தலைகீழாகப் பிடித்துத் திருப்புகிற சத்தம்.

“ஏங்க” என்றாள் லூர்தம்மா. “முதுகு இப்ப எப்படி இருக்கு?”

டீச்சர் மைக்கை அவரிடம் நீட்டினார். பொத்தானின் மேல் விரலை வைத்தார் இன்னாசி.

அமுக்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டார்.