ஏழாவது மிஷினின் நம்பர் தகடு

"டீச்சர், நமக்கு ரொம்ப வேண்டியவங்க ஒருத்தங்க தப்பு பண்ணிட்டாங்கன்னு வைங்க. அத அவங்கட்டயே போய்ச் சொல்லலாமா?"

ஆவுடையப்பன் இப்படிக் கேட்டபோது பிளாரன்ஸ் ஒரு கிராமபோன் ஸ்பிரிங்குக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்த மிஷின்?" என்றாள்.

ஆவுடையப்பன் கிரீஸ் டப்பாவைச் சற்று நகர்த்தி வைத்தார்.

இந்த இரண்டு பேரையும் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஆவுடையப்பன் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நம்பர் என்றால் அவருக்கு வேதவாக்கு. பத்திர நம்பர், சர்வே நம்பர், பட்டா நம்பர் என்று நம்பரோடேயே குப்பை கொட்டிய மனிதருக்கு, ஓய்வுக்குப் பிறகு பழைய பாட்டு மிஷின்களின் மேல் பைத்தியம் பிடித்தது. எந்த நம்பர் எந்த வருஷம் என்று கம்பெனிவாரியாக மனப்பாடம் செய்தார். எல்லாம் தெரிந்த ஆளாகத்தான் பிளாரன்ஸிடம் போய் நின்றார்.

பிளாரன்ஸுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் மாவு மில்லுக்கு எதிரே ஒற்றை அறைப் பட்டறை. கொச்சியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வருவார்கள். இது எந்த வருஷத்து மிஷின், எது அசல், எது பின்னால் ஒட்டவைத்தது என்று அவள் சொன்னால் சொன்னதுதான்.

முதல் நாள் அவள் ஒரு மிஷினை அவர் முன்னால் வைத்து, நம்பர் தகட்டைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்க அண்ணாச்சி."

"நம்பர மறைச்சா எப்படிச் சொல்ல?"

"அதுக்குத்தான் மறைச்சேன்."

மறுநாள் பார்த்தால் பட்டறையில் இருந்த எல்லா மிஷின்களின் நம்பர் மேலும் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மூன்று மாதம் அதைப் பிரிக்க விடவில்லை. ஸ்குரூ தலையைப் பார். கைப்பிடியின் வளைவைப் பார். ஊசியோடு சேர்ந்து அதிர்கிற வட்டத் தகடு மைக்காவா அலுமினியமா பார். பாட்டு வெளிவருகிற ஹாரன் வெளியே நிற்கிறதா, பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறதா பார். எல்லாம் பார்த்து ஒரு முடிவுக்கு வந்த பிறகு, கடைசியாக நம்பரைப் பார்.

மகள் வயதுக்காரியை அவர் டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தது அந்த மூன்று மாதத்தில்தான்.

ஒருமுறை நாகர்கோவிலிலிருந்து ஒருவர் பெரிய பித்தளை ஹாரன் வைத்த மிஷினோடு வந்தார். பிளாரன்ஸ் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"பெட்டி ஒரு கம்பெனி. மோட்டார் ஒரு கம்பெனி. ஹாரன் அஞ்சு வருஷத்துக்கு முன்னால அடிச்சது. யாரோ கல்யாணம் பண்ணி வெச்சிருக்காங்க."

வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒரு பெட்டி அல்வாவோடு திரும்பி வந்தார். ஆவுடையப்பன் அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது, "அந்தப் பிள்ள கண்ணு மாதிரி ஒரு கண்ண நான் பாத்ததில்ல" என்று மூன்று தடவை சொன்னார். மனைவி ரசத்தை ஊற்றிவிட்டு, "நாலாவது தடவ மோர் ஊத்தும்போது சொல்லுங்க" என்றாள்.

மூன்று வருஷம் இப்படி ஓடிற்று.

இனி அந்த ஏழாவது மிஷின்.

உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் பழைய பாட்டு மிஷின்களுக்கென்று ஓர் அறை திறக்க ஏற்பாடாகியிருந்தது. பதினொரு மிஷின்கள். வருஷம் குறித்து அட்டை எழுதியது பிளாரன்ஸ். துடைத்து வைப்பது ஆவுடையப்பன். ஏழாவது, மெழுகு உருளையைச் சுழற்றிப் பாடுகிற போனோகிராஃப். நம்பர்படி அது 1903. கல்லூரிக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. 'மாவட்டத்திலேயே மூத்தது' என்று அழைப்பிதழிலேயே அடித்துவிட்டார்கள். திறப்பு விழா வருகிற திங்கட்கிழமை.

துடைக்கும்போதுதான் ஆவுடையப்பன் அதைப் பார்த்தார்.

ஒன்பது நாளாக யாரிடமும் மூச்சு விடவில்லை. சோறு இறங்கவில்லை. தன் கண்தான் தப்பு என்று தினமும் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போய்ப் போய்ப் பார்த்தார். கண் தப்பில்லை. டீச்சர்தான் தப்பு.

திங்கட்கிழமைக்குப் பிறகு வெளியாள் யாராவது கண்டுபிடித்தால் அவள் பெயர் சந்தி சிரித்துவிடும். இப்போதே சொல்லலாம். ஆனால் சொல்கிற வாய் தன் வாயாக இருக்கவேண்டும். அதற்குத்தான் அவருக்குத் தெம்பில்லை.

"ஏழாவது, டீச்சர்" என்றார்.

பிளாரன்ஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வண்டிய எடுங்க."

அவர் ஸ்கூட்டரை ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில் அவருக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. குரு சிஷ்யன் கதைகள் நிறையக் கேட்டவர்.

"டீச்சர், என்னையச் சோதிக்கத்தான அப்படி எழுதினீங்க?"

"இல்ல."

"சும்மா சொல்லுதீங்க."

"1903ன்னு நெனச்சுத்தான் அண்ணாச்சி எழுதினேன். சிக்னலப் பாத்துப் போங்க."

கல்லூரி அறையில் அவள் ஏழாவது மிஷின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"காட்டுங்க."

ஆவுடையப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது ரெண்டு நிமிஷ உருளையும் பாடும், நாலு நிமிஷ உருளையும் பாடும். நாலு நிமிஷ உருளை வந்ததே 1903க்கு அஞ்சு வருஷம் கழிச்சுத்தான்."

"அது தெரியும். பழைய மிஷினுக்கு நாலு நிமிஷப் பல்சக்கரத்த மட்டும் பொறவு வாங்கி மாட்டுவாங்க. இதுலயும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"பொறவு மாட்டினா, துளை போடணும்லா. துளை போட்டா அந்த இடத்துல பெயிண்ட் சில்லு பேந்திருக்கும். துளைக்குள்ள பாருங்க."

அவள் லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தாள். டார்ச்சை அவர் பிடித்தார்.

"உள்ளயும் கருப்புப் பெயிண்ட் ஓடியிருக்கு" என்றாள் மெதுவாக.

"துளை போட்ட பொறவுதான் கம்பெனில பெயிண்டே அடிச்சிருக்கான் டீச்சர்."

"அப்ப நம்பர்?"

அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்து நம்பர் தகட்டைக் கழற்றினார். அடியில் அதைவிடச் சின்னதாக இன்னொரு தகடு இருந்த தடம். அந்த அளவுக்கு மட்டும் பெயிண்ட் புதுசாக மினுங்கியது.

பிளாரன்ஸ் அந்தத் தடத்தை விரலால் தடவினாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து ஆவுடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"எவ்வளவு அழகா மாத்தியிருக்கான்" என்றாள். நிமிர்ந்து பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "மறுபடி முதல்ல இருந்து காட்டுங்க."

மறுபடியும் காட்டினார். எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் பிடித்தீர்கள் என்று கேட்டாள். ஸ்குரூவைத் தொடுமுன் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள். எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"துளைக்குள்ள எதுக்குப் பாத்தீங்க?"

"துடைக்கிற துணியில இருந்து ஒரு நூலு மாட்டிக்கிச்சு. அத எடுக்கப் பாத்தேன்."

அதையும் எழுதிக்கொண்டாள்.

"நான் முதல்ல நம்பரத்தான் பாத்தேன் அண்ணாச்சி. 1903ன்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கல. அதுக்கு மேல பாத்ததெல்லாம் 1903 மாதிரியே தெரிஞ்சிச்சு."

அவர் மனதில் அவள் இன்னும் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தாள். அதைச் சொல்லத் தெரியாமல் டார்ச்சை அணைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரி முதல்வர் உள்ளே வந்தார்.

"என்ன மேடம், தகட்டக் கழட்டி வெச்சிருக்கீங்க?"

"இது 1903 இல்ல சார். 1909, 1910 இருக்கும்."

"அழைப்பிதழ் ஊரெல்லாம் போயாச்சே. யாரு பண்ணின தப்பு இது?"

பிளாரன்ஸ் வாயைத் திறப்பதற்குள் ஆவுடையப்பன் முந்திக்கொண்டார்.

"என் தப்பு சார். அட்டை எழுதினது நான்தான். வருஷத்த மாத்தி எழுதிட்டேன்."

முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாத மனிதர். சொல்லிவிட்டு வியர்த்துப்போய் நின்றார்.

"சார், அண்ணாச்சி பத்திர ஆபீஸ்ல எழுதிப் பழகின கை. அவரு எழுத்து இவ்வளவு கோணலா இருக்காது. இது என் எழுத்து. என் தப்பு."

முதல்வர் அட்டையைப் பார்த்தார். இருவரையும் பார்த்தார். அச்சகத்துக்குப் போன் போட்டுக்கொண்டே வெளியே போனார்.

பிளாரன்ஸ் பையிலிருந்து புது அட்டை ஒன்றை எடுத்து, மடியில் வைத்து எழுதினாள்.

'1910ஐ ஒட்டி. நம்பர் தகடு வேறொரு மிஷினுடையது. 1903 என்று தவறாகக் குறித்தவர் பிளாரன்ஸ். கண்டுபிடித்துத் திருத்தியவர் ஆவுடையப்பன்.'

"உங்க பேரு வேண்டாம் டீச்சர்."

"ஏன், கோணலா இருக்கா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

அவள் அட்டையின் பின்னால் பசை தடவி மிஷின் பக்கத்தில் ஒட்டினாள். பழைய அட்டையைக் கிழிக்காமல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒன்பது நாளாகச் சோற்றை இறங்கவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தது என்னவென்று ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது அவள் பெயரைப் பற்றிய கவலை அல்ல.

"டீச்சர்" என்றார். குரல் சின்னதாகிவிட்டது. "அப்ப இந்த மூணு வருஷமா நீங்க எனக்குச் சொல்லிக்குடுத்ததெல்லாம்?"

பிளாரன்ஸ் பசை காயும்வரை அட்டையை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அதையும் ஒருவாட்டி பாத்துருங்க அண்ணாச்சி" என்றாள்.